கோயமுத்தூர் மேயரும் என்னோட எக்ஸெல் ஷீட்டும்

ரொம்ப நாளாச்சு மக்களே இந்தப் பக்கம் வந்து. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. நடுவுல ரெண்டு மூணு மொக்கைப் பதிவு எழுதி அப்படியே டிராஃப்ட்ல கெடக்குது. ஆனா இந்த விஷயம் மட்டும் 2025 நவம்பர்ல இருந்து மண்டைக்குள்ள ஓடிட்டே இருக்கறதால இறக்கி வெச்சிடலாம்னு வந்தேன். கொஞ்சம் நீளமான பதிவு. டீ எடுத்துட்டு வந்து உக்காருங்க.

2025 நவம்பர் முதல் வாரம். வழக்கம்போல ராத்திரி கால். மறுபக்கம் க்ளையண்ட் ஆபீஸ்காரர் ஒருத்தர், நியூயார்க்ல வீடு. மத்தவங்க சேரட்டும்னு காத்திருந்த அஞ்சு நிமிஷத்துல பேச்சு அவங்க ஊர் மேயர் தேர்தலுக்குப் போச்சு. மம்தானி, கூமோ, ஸ்லீவான்னு மூணு பேரு. நானும் விடல. மம்தானி பஸ் இலவசம்னு சொல்றாரு, சுமார் பத்து லட்சம் வீடுகளுக்கு வாடகையை ஏத்தாம நிறுத்தி வைக்கறேன்னு சொல்றாரு, கூமோ 5,000 போலீஸ் கூடுதலா எடுக்கறேன்னு சொல்றாரு, அந்தச் சிவப்புத் தொப்பி ஸ்லீவா தெருநாய் பூனைகளைக் கொல்லக் கூடாதுங்கறாருன்னு வரிசையா அடுக்கினேன். மனுஷன் அசந்துட்டாரு. அப்புறம் ரொம்பச் சாதாரணமா ஒரு கேள்வி கேட்டாரு. "உங்க ஊர் மேயர் யாரு? யாரை ஜெயிச்சு வந்தாரு?"

பேரு சொல்லிட்டேன். ரங்கநாயகி. "யாரை ஜெயிச்சாங்க?" "யாரையும் இல்லை, போட்டியின்றித் தேர்வு." "ஓ. அப்ப என்ன சொல்லி ஓட்டு கேட்டாங்க?" "கேக்கவே இல்லை." அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அவரு மியூட்ல போயிட்டாருன்னு நெனச்சேன். இல்லையாம், யோசிச்சுட்டு இருந்தாராம்.

பொய் சொல்லலைங்க நான். 2022 மார்ச் 4-ந் தேதி கல்பனா மேயர் ஆனாங்க. கோவையோட முதல் பெண் மேயர். அவங்க 2024 ஜூலையில ராஜினாமா பண்ணாங்க. அதே நாள்ல திருநெல்வேலி மேயரும் ராஜினாமா பண்ணது தனிக் கதை. அப்புறம் ஆகஸ்ட் 6-ந் தேதி ரங்கநாயகி. ரெண்டு தடவையும் யார் வேட்பாளர்ங்கறது இந்த ஊருக்குத் தெரிஞ்சது முந்தின நாள்தான். 2022-ல பிப்ரவரி 19 ஓட்டு போட்டாச்சு, 22 எண்ணியாச்சு, மார்ச் 3-ந் தேதி கட்சி லிஸ்ட் வெளியிடுது, 4-ந் தேதி மேயர் நாற்காலியில உக்காந்தாச்சு. எங்க ஆபீஸ்ல ஒரு சின்ன பக் ஃபிக்ஸை லைவ்ல போடறதுக்கே இதைவிட அதிக நாள் முன்னாடி மெயில் அனுப்பணும்.

சரி, மேட்டருக்கு வரேன். எனக்கு இப்ப 28 வயசு. ஓட்டு போடற வயசு வந்தப்புறம் பார்லிமெண்ட்டுக்குப் போட்டிருக்கேன், சட்டசபைக்குப் போட்டிருக்கேன், கவுன்சிலருக்குப் போட்டிருக்கேன். கோயமுத்தூர் மேயருக்கு மட்டும் போட்டதே இல்லை. கோயமுத்தூர்க்காரங்க கடைசியா மேயருக்குன்னு பட்டன் அமுத்தினது 2014 செப்டம்பர்ல. நான் அப்ப ப்ளஸ் ஒன்.

இந்த ஊர் மேயர் வரலாறு ரொம்பச் சின்னதுங்க. 1866-லயே நகராட்சி ஆயாச்சு, 1981-ல மாநகராட்சி. ஆனா முதல் மேயர் வந்தது 1996-ல, த.மா.கா.வோட கோபாலகிருஷ்ணன், மக்களே நேரடியா தேர்ந்தெடுத்தது. 2001-ல அ.தி.மு.க. மலரவன், அதுவும் நேரடி. 2006-ல மறைமுகத் தேர்தல், காங்கிரஸ் வெங்கடாசலம். 2011-ல மறுபடி நேரடி, அ.தி.மு.க. வேலுசாமி. அவரு 2014-ல ராஜினாமா பண்ணவும் இடைத்தேர்தல், கணபதி ராஜ்குமார். 2016-ல மறைமுகம்னு சட்டத்தை மாத்தினாங்க. தேர்தலே நடக்கல. 2018-ல நேரடின்னு மாத்தினாங்க. அப்பவும் நடக்கல. 2019 நவம்பர்ல அவசரச் சட்டம் போட்டு மறுபடியும் மறைமுகம். கமிட், ரிவர்ட், ரிவர்டை ரிவர்ட். நம்ம டீம்ல ஒருத்தன் இப்படிப் பண்ணா அன்னைக்கே ரெப்போ ஆக்சஸ் போயிடும். இதுல எந்தக் கட்சியும் யோக்கியம் இல்லை. 2006-ல மறைமுகம் கொண்டு வந்தது தி.மு.க. ஆட்சி, 2016-லயும் 2019-லயும் கொண்டு வந்தது அ.தி.மு.க. ஆட்சி. எது அந்த நேரத்துக்கு வசதியோ அது.

2014 இடைத்தேர்தல் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. பரீட்சைக்குப் படிக்க விடாம ஆட்டோவுல மைக் கட்டிக் கத்துவாங்க. ஜெயலலிதாவே கோவைக்கு வந்து பிரச்சாரம் பண்ணாங்க, ஒரு மேயர் இடைத்தேர்தலுக்கு! எதிர்ல பா.ஜ.க. நந்தகுமார், அப்புறம் மார்க்சிஸ்ட். தி.மு.க. புறக்கணிச்சிடுச்சு. அந்த மைக்குல ஒரு பக்கம் "மாநிலத்துல எங்க ஆட்சி, அதனால நிதி வரும்", இன்னொரு பக்கம் "மத்தியில எங்க ஆட்சி, அதனால நிதி வரும்". நான் கேட்டவரைக்கும் அவ்வளவுதான் கொள்கை வித்தியாசம். மேயர்னா மேல இருந்து பணம் வாங்கிட்டு வர்ற ஆளு, எந்தக் கதவு திறந்திருக்குன்னு மட்டும் பாத்து ஓட்டு போடுங்கங்கற மாதிரி. ஜெயிச்ச ராஜ்குமார் பின்னாடி தி.மு.க.வுக்குப் போயி 2024-ல அந்தக் கட்சி சார்புலயே அண்ணாமலையை ஜெயிச்சு எம்.பி. ஆயிட்டாரு.

அதனால "நேரடித் தேர்தல் வந்துட்டா எல்லாம் சரியாயிடும்"னு நான் சொல்ல வரலைங்க. அப்படிச் சொன்னா பின்னூட்டத்துல 2014-ஐக் காட்டி கும்மிடுவீங்கன்னு தெரியும். நான் சொல்ல வர்றது வேற.

2022 பிப்ரவரி. அப்ப வீட்டுல இருந்தே வேலை. ரொம்ப ஆசையா ஒரு எக்ஸெல் ஷீட் போட்டேன். இஞ்சினியர் புத்தி, எதைப் பாத்தாலும் டேபிள் போடத் தோணும். குறுக்கே எங்க வார்டு வேட்பாளர்கள், ஆறு பேரு. கீழே பிரச்சனைகள்: தண்ணி, குப்பை, பஸ் ஸ்டாண்ட், சொத்து வரி, குளம், ரோடு. வீட்டுக்கு வர்ற நோட்டீஸைப் பாத்து கட்டம் கட்டமா நிரப்பறதுன்னு திட்டம். நாலு பேரு நோட்டீஸ் வந்துச்சு. நாலுலயும் சாக்கடை, தெருவிளக்கு, குடிநீர், "உங்கள் வீட்டுப் பிள்ளை". நாலு காலமும் ஒண்ணு. டூப்ளிகேட் ரிமூவ் பண்ணா ஒரு காலம்தான் மிஞ்சும்.

சரி, நேர்லயே கேட்ருவோம்னு ஒரு வேட்பாளர் வாசலுக்கு வந்தப்ப கேட்டேன். "சூயஸ் ஒப்பந்தம் பத்தி உங்க நிலைப்பாடு என்னங்க?" கூட வந்த பத்துப் பேரும் என்னை ஏதோ வேற்று கிரகத்துல இருந்து வந்தவன் மாதிரி பாத்தாங்க. அந்த அக்கா மட்டும் சிரிச்சுட்டே, "ஏனுங்க தம்பி, உங்க வீதியில சாக்கடை அடைப்பு ஏதாச்சும் இருக்குதுங்களா?"ன்னு கேட்டாங்க. உள்ள இருந்து அம்மா ஓடி வந்து, "ஆமாங்க, அந்த முக்குல மழை வந்தா நிக்குதுங்க"ன்னு சொல்லவும் ஒருத்தர் நோட்டுல எழுதிக்கிட்டாரு. அவங்க போனப்புறம் அம்மா சொன்னது: "ஏன் கண்ணு, வந்தவங்ககிட்ட இப்படியா லொள்ளு பேசுவே?"

இதுல அந்த அக்கா மேல எனக்குக் கோபம் இல்லை. சொல்லப்போனா அவங்க கேட்டதுதான் சரி. கவுன்சிலர் வேலை அதுதான். சாக்கடை அடைச்சா யாருக்குப் போன் பண்றதுங்கறதுக்குத்தான் கவுன்சிலர். என்னோட சிக்கல் என்னன்னா, அதே அக்கா ஜெயிச்சு மாமன்றத்துக்குப் போயி, 26 வருஷத் தண்ணி ஒப்பந்தத்தை மேற்பார்வை பாக்கற மேயரையும் தேர்ந்தெடுக்கறாங்க. ஒரே ஓட்டுல ரெண்டு வேலைக்கு ஆள் எடுக்கறோம். ஒண்ணுக்கு மட்டும்தான் இண்டர்வியூ.

சூயஸ் மேட்டர் தெரியாதவங்களுக்குச் சுருக்கமா. 2018-ல பிரான்ஸ் நாட்டு சூயஸ் கம்பெனியோட போட்ட ஒப்பந்தம். சுமார் 3,000 கோடி ரூபாய், 26 வருஷம். பழைய மாநகராட்சி எல்லைக்குள்ள இருக்கற 60 வார்டுக்கு 24 மணி நேரமும் குழாயில தண்ணி வர்ற மாதிரி குழாய் பதிச்சு, தொட்டி கட்டி, மீட்டர் வெச்சு, அப்புறம் பராமரிக்கறதும் அவங்களே. நல்லதா கெட்டதாங்கற சண்டைக்குள்ள நான் போகல. ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு. 24 மணி நேரமும் குழாயில அழுத்தம் இருந்தா சாக்கடைத் தண்ணி உள்ள உறிஞ்சப்படாது, மோட்டார் போட்டு இழுக்க வேண்டியதில்லை, வீட்டுக்கு வீடு சம்ப் கட்ட வேண்டியதில்லை. இது இஞ்சினியரிங் உண்மை. மீட்டரும் கட்டணமும் எப்படிப் போகும், பொதுக் குழாயை நம்பி இருக்கறவங்க கதி என்ன, ஒப்பந்தத்துல யாருக்கு எந்தப் பொறுப்பு, அதுவும் நியாயமான கேள்வி.

என் வயித்தெரிச்சல் வேற. இந்த ஒப்பந்தம் போட்டது 2018. அப்ப கோவைக்கு மேயர் யாரு? யாரும் இல்லைங்க. 2016 அக்டோபர்ல மாமன்றத்தோட காலம் முடிஞ்சது. 2022 மார்ச் வரைக்கும் அஞ்சு வருஷத்துக்கு மேல தனி அதிகாரி ஆட்சி. ஒரு குழந்தை பொறந்து வளந்து எல்.கே.ஜி. முடிக்கற வரைக்கும் கவுன்சிலர்னு ஒருத்தரே இல்லை. அந்த இடைவெளியிலதான் 26 வருஷத்துக்கு ஊரோட தண்ணியை யார் கையில குடுக்கறதுன்னு கையெழுத்தாச்சு. அதே இடைவெளியிலதான் 2020-ல வெள்ளலூர் பஸ் ஸ்டாண்ட் வேலை ஆரம்பிச்சது. அதே இடைவெளியிலதான் 2018 சொத்து வரி உயர்வு. பெரிய முடிவு எடுக்கணும்னா ஓட்டு வாங்கின ஆளு இல்லாத நேரமாப் பாத்து எடுத்த மாதிரி இருக்கா இல்லையா? நுண்ணரசியல்னு சொல்லி என்னை ஓட்டாதீங்க, தேதியை நீங்களே வரிசையா வெச்சுப் பாருங்க.

சிறுவாணித் தண்ணி குடிச்சு வளந்த ஊரு இது. வெளியூர்ல போயி "எங்கூர் தண்ணி டேஸ்ட் வருமா"ன்னு பெருமை பேசாத கோயமுத்தூர்க்காரன் யாராச்சும் இருந்தா கை தூக்குங்க. அந்த அணை இருக்கறது கேரளாவுல, எவ்வளவு தேக்கணும்ங்கறதுல ரெண்டு மாநிலம் பேசணும், அதுல மேயரால ஒண்ணும் பண்ண முடியாது, ஒத்துக்கறேன். ஆனா வந்த தண்ணியை எப்படி பங்கு போடறதுங்கறது மாநகராட்சி வேலைதானுங்களே?

இப்ப என் எக்ஸெல் ஷீட்டை ஆளு வாரியா விட்டுட்டு கட்சி வாரியா நிரப்பிப் பாக்கறேன். தண்ணிக்கு: அ.தி.மு.க. ஆட்சியில போட்ட ஒப்பந்தம், அதனால ஆதரவு. எதிர்க்கட்சியா இருந்தப்ப தி.மு.க. எதிர்த்துப் போராடுச்சு, 2021-ல ஆட்சிக்கு வந்தப்புறம் வேலை நிக்கல, இன்னும் வேகமா நடந்துச்சு. மார்க்சிஸ்ட் தோழர்கள் ஆரம்பத்துல இருந்து எதிர்ப்பு, ஆனா 2022-ல அவங்க ஜெயிச்சு வந்ததும் அதே தி.மு.க. கூட்டணியிலதான். நூறு வார்டுல அந்தக் கூட்டணி 96, அ.தி.மு.க. 3, எஸ்.டி.பி.ஐ. 1. ஆக, எதிர்த்தவங்க மன்றத்துல 96 பேரு, வேலை நடக்குது. மனசு மாறினது தப்பே இல்லைங்க. முன்னாடி எதிர்த்தோம், கணக்குப் பாத்தோம், இப்ப நிறுத்தினா நஷ்டம் அதிகம், அதனால தொடரறோம்னு ஒரு மேயர் வேட்பாளர் மேடையில நின்னு சொல்லியிருந்தா நானே கை தட்டியிருப்பேன். யாரும் சொல்லல. சொல்ற மேடையே நமக்கு இல்லை.

பஸ் ஸ்டாண்ட்: வெள்ளலூர்ல சுமார் 61 ஏக்கர், 168 கோடி மதிப்பு. ஆட்சி மாறினதும் பாதியில நின்னுச்சு. அந்தத் தூணுங்களைப் பாக்கறப்பெல்லாம் எனக்கு டெட்லைன் முடிஞ்சு கைவிட்ட பழைய ப்ராஜெக்ட் ஞாபகம் வரும். இடம் சரியில்லைன்னா ஏன் சரியில்லைன்னு சொல்லணும், சரின்னா முடிக்கணும். காந்திபுரத்துல இறங்கி சிங்காநல்லூர் போயி மதுரை பஸ் பிடிக்கறவனுக்கு இது கொள்கை இல்லை, பொழப்பு.

குப்பை பத்திச் சொன்னா இன்னொரு பதிவு ஆயிடும். 2024 ஏப்ரல்ல வெள்ளலூர் குப்பைக்கிடங்கு நாள்கணக்குல எரிஞ்சது. அதை அணைச்ச செலவு 76 லட்சத்துச் சொச்சம்னும், அதுல டீ, சாப்பாட்டுக்கு மட்டும் 27 லட்சத்துக்கு மேலன்னும் மாமன்றத்துல தீர்மானம் வந்து ஊரே சிரிச்சது. சிரிச்சுட்டு மறந்தாச்சு. ஊரோட குப்பையை வார்டு வார்டா பிரிச்சுக் கையாளலாமா, எல்லாத்தையும் ஒரே கிடங்குக்கு அனுப்பறதை எந்த வருஷத்துல நிறுத்தப் போறோம், இந்தக் கேள்விக்கு எந்தக் கட்சிக் காலத்துலயும் என்கிட்ட விடை இல்லை. போத்தனூர், வெள்ளலூர் சனங்க மூக்கைக் கேட்டாத்தான் தெரியும்.

வரி விஷயம்தான் எனக்கு ரொம்பப் பிடிச்ச ரோ. 2018 ஜூலையில அ.தி.மு.க. அரசு சொத்து வரியை ஏத்துச்சு. சொந்த வீட்டுக்கு 50 சதவீதம், வாடகைக்கு விட்ட வீட்டுக்கும் கடைக்கும் 100. 2019 நவம்பர்ல, உள்ளாட்சித் தேர்தல் வரப்போற நேரத்துல, நிறுத்தி வெச்சாங்க. அடுத்து தி.மு.க. அரசு. 2022 பிப்ரவரி 19 நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல். ஏப்ரல் 1-ந் தேதி, அதுவும் முட்டாள்கள் தினம், அறிவிப்பு வருது. நம்மூர் மாதிரி மாநகராட்சிகள்ல 600 சதுர அடிக்குள்ள 25 சதவீதம், 1,200 வரைக்கும் 50, 1,800 வரைக்கும் 75, அதுக்கு மேல 100. ஓட்டு போட்டு ஆறு வாரம்கூட ஆகல. விரல்ல மை அழியறதுக்கும் வரி ஏர்றதுக்கும் சரியா இருந்துச்சு. மத்திய நிதிக்குழு நிபந்தனைன்னு காரணம் சொன்னாங்க. அந்த நிபந்தனை ஓட்டு கேட்ட மாசமும் இருந்ததுதானுங்களே? அப்ப ஏன் ஒரு நோட்டீஸ்லயும் வரல? முதல் ஆளு தேர்தலுக்கு முன்னாடி நிறுத்தினாரு, ரெண்டாவது ஆளு தேர்தலுக்குப் பின்னாடி ஏத்தினாரு. ரெண்டு பேருக்கும் நம்மளைப் பத்தி ஒரே அபிப்பிராயம்.

எங்கப்பா மில்லுல இருந்து ரிட்டையர் ஆனவரு. எங்க வீடு 1,100 சதுர அடி. 50 சதவீத வகையறா. அவரு கோபப்படுவாருன்னு பாத்தேன். "ஏத்தட்டும், பத்து வருஷத்துக்கு மேல ஏத்தாம இருந்தா ரோடு எப்படிப் போடுவாங்க? முன்னாடியே சொல்லிட்டு ஏத்தியிருக்கலாம்"னு சொல்லிட்டு பேப்பரைப் புரட்டிட்டாரு. அதே வாரம்தான் இந்த ஷீட்டை அவருகிட்ட காட்டினேன். எல்லாக் காலத்தையும் பாத்துட்டு, "இதுல கொலுசுக்கும் ஹாட்பாக்ஸுக்கும் ஒரு வரி போடலியா?"ன்னாரு. 2022 தேர்தல்ல அந்தப் புகார் ஊரெல்லாம் நாறினது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கோயமுத்தூர் குசும்பு எங்கப்பாகிட்ட இருந்துதான் எனக்கு வந்துச்சு.

இதைப் பத்தி ஆபீஸ் கேண்டீன்ல பேசினப்ப ஈரோட்டு நண்பன் ஒருத்தன் கேட்டான். "மேயருக்கு என்னடா அதிகாரம் இருக்கு? கமிஷனர் ஐ.ஏ.எஸ்., அவரைப் போடறது மாநில அரசு. வரி ஏத்தறது மாநில அரசு. அப்புறம் மேயர்கிட்ட கொள்கையைக் கேட்டு என்ன பண்ணப் போற?" நல்ல கேள்வி. பாதி உண்மையும்கூட. 74-வது அரசியல் சட்டத் திருத்தம் 1993-ல அமலுக்கு வந்தப்ப 18 வேலைகளைப் பட்டியல் போட்டு நகராட்சிகளுக்குக் குடுக்கலாம்னு சொன்னாங்க. "கொடுக்கணும்" இல்லை, "கொடுக்கலாம்". அந்த ஒரு எழுத்துலதான் முப்பது வருஷமா ஓடிட்டு இருக்கு.

ஆனா நியூயார்க்கைப் பாருங்க. அங்கயும் மேயர் ராஜா இல்லை. பஸ் ஓட்டற எம்.டி.ஏ. நிறுவனம் மாநிலத்தோடது. வருமான வரியை ஏத்தணும்னா ஆல்பனியில இருக்கற மாநில சட்டசபை சம்மதிக்கணும். மம்தானி சொன்ன பாதி விஷயத்துக்கு மேல இருந்து கையெழுத்து வேணும். அதை எதிராளிங்க மேடையிலயே கேட்டாங்க: "உன்னால முடியாததை ஏன் சொல்றே, காசு எங்க இருந்து வரும்?" அந்தச் சண்டையை ஊரே டி.வி.யில பாத்துச்சு. 20 லட்சம் பேருக்கு மேல ஓட்டு போட்டாங்க, 1969-க்கு அப்புறம் அதுதான் அதிகம். மேயரால என்ன முடியும், என்ன முடியாதுங்கறதே அங்க விவாதப் பொருள். நமக்கு அதுவும் தெரியாம, தண்ணி வரலைன்னா கவுன்சிலரைத் திட்டறோம், ரோடு சரியில்லைன்னா எம்.எல்.ஏ.வைத் திட்டறோம், மேயர்னு ஒருத்தர் இருக்கறதே சிவப்பு அங்கி போட்ட போட்டோவுலதான் தெரியுது.

நம்ம ஊருக்கு தென்னிந்தியாவின் மான்செஸ்டர்னு பேரு. ஸ்கூல்ல ஒரு மார்க் கேள்வி. ஒரிஜினல் மான்செஸ்டர்ல என்ன நடந்துச்சு தெரியுமா? 2017-ல முதல் தடவையா கிரேட்டர் மான்செஸ்டருக்கு நேரடி மேயர் தேர்தல். ஜெயிச்ச ஆண்டி பர்ன்ஹாம், தனியார் கையில சிதறிக் கிடந்த பஸ்ஸையெல்லாம் பொதுக் கட்டுப்பாட்டுக்குக் கொண்டு வர்ற வேலையை எடுத்தாரு. கோர்ட், கேஸுன்னு இழுத்து 2025 ஜனவரியில மொத்தமும் முடிஞ்சது. இப்ப ஊரெல்லாம் மஞ்சள் பஸ். எட்டு வருஷம் ஆச்சுன்னு சிரிக்கலாம். ஆனா யாருகிட்ட கணக்குக் கேக்கணும்னு அந்த ஊர்க்காரனுக்குத் தெரிஞ்சிருந்தது. நம்ம மான்செஸ்டர்ல மில்லும் போச்சு, மேயர் ஓட்டும் போச்சு.

ஈரோட்டுக்காரன் அடுத்த அம்பு விட்டான். நேரடித் தேர்தல்னா நூறு வார்டுக்கும் செலவு பண்ற பணக்காரன்தான் நிக்க முடியும், மேயர் ஒரு கட்சி, கவுன்சிலர்ங்க வேற கட்சின்னு வந்தா ஒரு தீர்மானமும் நிறைவேறாதுன்னு. 2019-ல அரசாங்கம் சொன்ன காரணமும் கிட்டத்தட்ட இதுதான். பணம் விஷயத்துல அவன் சொல்றது சரி. ரெண்டாவது விஷயத்துல எனக்கு உடன்பாடு இல்லை. மேயரும் மன்றமும் ஒரே கட்சியா இருந்தா மட்டும் என்ன கிழிஞ்சதுன்னு பாத்தோமே. 96 பேரு ஒரே அணியில இருந்தும் மேயர் ரெண்டு வருஷத்துல ராஜினாமா, காரணம் சொந்தக் காரணம். ஊருக்குச் சொல்ல வேண்டிய காரணம் ஏதாச்சும் இருந்ததான்னு கேக்க நமக்கு உரிமை இல்லை, ஏன்னா நாம அவங்களைத் தேர்ந்தெடுக்கலையே.

அதனால நான் சட்டத்தை மாத்துங்கன்னுகூட கேக்கல. அது மாத்தி மாத்தி சட்டத்துக்கே தலை சுத்தியிருக்கும். நான் கேக்கறது சின்ன விஷயம். மறைமுகத் தேர்தலாவே இருக்கட்டும். இந்தந்த மாநகராட்சி பெண்களுக்கு, இது பொதுன்னு இடஒதுக்கீடு முன்னாடியே தெரிஞ்சிடுது. அப்ப ஓட்டு போடறதுக்கு முன்னாடியே ஒவ்வொரு கட்சியும் "நாங்க ஜெயிச்சா மேயர் இவங்கதான்"னு ஒரு பேரைச் சொல்லலாமே? எந்தச் சட்டம் தடுக்குது? சட்டசபைத் தேர்தல்லயும் முதலமைச்சரை நாம நேரடியா தேர்ந்தெடுக்கறதில்லை, ஆனா யாருன்னு தெரிஞ்சுதான் ஓட்டு போடறோம். முதலமைச்சர் வேட்பாளர்னு ஒரு பதவியே சட்டத்துல கிடையாது, இருந்தும் போஸ்டர் ஒட்டறோம். மேயர் வேட்பாளர்னு ஒட்டினா என்ன குறைஞ்சிடும்? எனக்குத் தெரிஞ்ச காரணம் ஒண்ணுதான். முன்னாடியே பேரைச் சொன்னா மேயர் கனவுல வேலை பாக்கற மத்த அஞ்சாறு பேரு மண்டபத்துக்கு வாடகை குடுக்க மாட்டாங்க.

பேரைச் சொல்லி, அந்த ஆளு நாலு விஷயத்துல மட்டும் வாயைத் திறந்தா போதும். 26 வருஷத் தண்ணி ஒப்பந்தத்தை எப்படிக் கண்காணிப்பீங்க. வெள்ளலூர்ல நிக்கற தூணை என்ன பண்ணுவீங்க. குப்பைக்கிடங்குக்குப் போற லாரியை எந்த வருஷத்துல பாதியாக் குறைப்பீங்க. வரி ஏத்துவீங்களா, ஏத்துனா ஓட்டுக்கு முன்னாடி சொல்வீங்களா. "மாநில அரசு சொன்னா கேட்டுக்குவேன்"னு பதில் வந்தாலும் பரவாயில்லை. அதுவும் ஒரு நிலைப்பாடுதான். கட்டத்துல அப்படியே டைப் பண்ணிக்குவேன்.

2022-ல பதவியேத்த மாமன்றத்தோட அஞ்சு வருஷம் 2027 ஆரம்பத்துல முடியுது. அதுக்கப்புறம் தேர்தல் உடனே வருமா, இல்ல மறுபடியும் தனி அதிகாரியான்னு எனக்கு ஜோசியம் தெரியாது. ஷீட்டைத் தூசி தட்டி வெச்சிருக்கேன். இந்தத் தடவை ரெண்டு ரோ புதுசா சேத்திருக்கேன். ஒண்ணு "மேயர் வேட்பாளர் பேரு, அறிவிச்ச தேதி". இன்னொண்ணு அப்பாவோட ஹாட்பாக்ஸ் ரோ.

மதுரை, திருச்சி, சேலம், திருப்பூர் பக்கம் இருக்கற பதிவர்களே, உங்க ஊருக்கும் ஒரு ஷீட் போட்டா பின்னூட்டத்துல சொல்லுங்க, சேத்து வெச்சுப் பாக்கலாம். முக்கியமா திருநெல்வேலி மக்கள், உங்களுக்கும் எங்களுக்கும் ஒரே நாள்ல மேயர் போன சொந்தம் இருக்கு.

டிஸ்கி: நான் எந்தக் கட்சியும் இல்லை. இதைச் சொன்னா யாரும் நம்ப மாட்டீங்கன்னும் தெரியும். அனானியா வந்து திட்டறவங்க தாராளமா திட்டலாம், ஆனா ஒரு கண்டிஷன். சூயஸ் பத்தி உங்க கட்சியோட இன்றைய நிலைப்பாட்டை முதல் வரியில எழுதிட்டு ரெண்டாவது வரியில இருந்து திட்டுங்க. எனக்குக் கட்டம் நிரம்பும்.